வெளிச்சச் சோதனை

ஒயிட்ஃபீல்டு சரக்குப் பெட்டி நிலையத்தில்
என் வேலை
இருட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

காலிப் பெட்டிக்குள் நான் போனதும்
வெளியிலிருந்து கதவைச் சாத்துவான் நஞ்சுண்டா.
தாழ் போடக் கூடாது என்பது விதி.
கண் பழக அறுபது எண்ண வேண்டும்.
ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டி தேறாது.
தெரியாவிட்டால் கையெழுத்து.

வெளிச்சம் வருகிறதென்று புகார் எழுதுகிற ஒரே பொம்பளை நீங்கள்தான்
என்பார் கிளியரிங் ஏஜெண்ட் டிசோசா.
அவருக்கு எதையாவது சொல்ல வேண்டும்,
காலிப் பெட்டி கிடைக்காத வாரங்களில்
இன்னும் கூடுதலாக.

இருட்டில் மூக்குதான் முதலில் விழிக்கும்.
நாற்பதடி நீளத்துக்குப் பூண்டு.
டயர். பதனிட்ட தோல்.
ஒருமுறை எந்த வாசனையும் இல்லை,
அன்று மட்டும் வேகமாக எண்ணினேன்.

கதவில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
ஏழாவது சரிபார்க்க மட்டும்:
முதல் ஆறில் ஒன்று பிசகினாலும்
அது காட்டிக்கொடுத்துவிடும்.
எங்கள் வீட்டில் அந்த வேலை என் தங்கைக்கு.

மார்ச் மாதத்துச் செவ்வாய், பதினொன்றே கால்.
நஞ்சுண்டா விடுப்பு.
அவன் இடத்துக்கு வந்த புட்டராஜு
தாழையும் போட்டுவிட்டு
எங்கோ போய்விட்டான்.

அறுபது. நூறு. இருநூற்றுப் பத்து.
தட்டினேன்.
நாளெல்லாம் இரும்பு இரும்பை மோதும் இடத்தில்
ஒரு கை தட்டுவது யாருக்குக் கேட்கும்?
போனில் டவர் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
தெற்குச் சுவரில் தோளுயரத்தில்
கடுகளவு ஓட்டை.
பெட்டி தேறாது என்று திரும்பினால்
எதிர்ச் சுவரில் ஏதோ கறை.
கறை நகர்ந்தது.

வானம் கீழே கிடந்தது.
அதன்மேல் தலைகீழாக எங்கள் முற்றம்,
நெளிதகட்டில் பட்டு மடிப்பு மடிப்பாக,
கொசுவத்தில் அச்சிட்டதுபோல.
மஞ்சள் ஸ்டாக்கர் வண்டி மேலிருந்து தொங்கியபடி
ஒரு பெட்டியை ஆகாயத்துக்குள் இறக்கி
இன்னொன்றின் அடியில் ஒட்டவைத்தது.
சென்னைத் துறைமுகத்துக்கான ரயில் புறப்பட்டது,
சக்கரங்கள் மேலே,
நீலம் சிவப்பு நீலம் பச்சை,
கிழக்கே போகிற ரயில் சுவரில் மேற்கே போனது.
சத்தம் மட்டும் நேராக வந்தது.

ஒன்பது வருடமாகத் தினமும் நடக்கிற முற்றம்.
எண்ணுவதை எப்போது விட்டேனோ.

ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால்
தலைகீழாக டீ கப்போடு வந்தான் புட்டராஜு.
ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
சுவரில் பெரிதாகி, கலங்கி, காணாமல் போய்,
கதவில் நேராக நின்றான்.

‘ஏனாயித்து மேடம்?’

வெளிச்சம் மொத்தமாக உள்ளே வந்ததும்
சுவரில் துருவும்
யாரோ மூட்டை எண்ணிய சாக்பீஸ் கோடுகளும்தான்.

ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டேன்.
படிவத்தில் எழுதினேன்:
பக்கத் தகடு, துளை ஒன்று, மூன்று மில்லிமீட்டர், ஒட்டு தேவை.
வெல்டர் சிராஜிடம்
ஒரு நிமிடம் உள்ளே நின்று பாருங்களேன் என்றேன்.
எட்டுப் பெட்டி பாக்கி என்றார்.
நான்கு நிமிடத்தில் அடைத்தார்.

மறுபடி உள்ளே. மறுபடி அறுபது.
குறையில்லாத இருட்டு.
கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை அதில் ஏறியது
சிக்கமகளூர் காப்பி, முந்நூற்றிருபது மூட்டை.
ஓட்டை வழியே மழைத்துளி புகுந்திருந்தால்
ஜெனோவாவில் பூசணம் என்று திருப்பியிருப்பார்கள்,
டிசோசா என்னைத்தான் கேட்டிருப்பார்.
ரயில் ஓடிய சுவரில்
மூட்டைகள் சாய்ந்து போகின்றன.

அறுபது போதும்.
இப்போதெல்லாம் நூறு வரை எண்ணுகிறேன்.
இவ்வளவு நேரமா என்று நஞ்சுண்டா கேட்டால்
கண் முன்போல இல்லை என்கிறேன்.